கட்டணம் வைத்த கல்லூரி மறுபடி இலவசமாகுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் அவசியம் படியுங்கள்.

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்கள் எவை? மே, ஜூன். நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் எப்போது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கும் நாளில்தான் விண்ணப்பம் வாங்க வேண்டும், பீஸ் கட்ட வேண்டும். கையில் காசு வரும் மாதமும் காசு கேட்கும் மாதமும் நமக்கு ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. கருக்களாச்சேரி, பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, எந்த ஊராக இருந்தாலும் இதுதான் கதை. அதனால் "காலேஜு இலவசமா, பீஸ் உண்டா?" என்ற கேள்வி நம் ஊரில் வெறும் அரசியல் கேள்வி இல்லை. ஒரு பெண் பிள்ளை மேலே படிப்பாளா, வீட்டோடு நின்றுவிடுவாளா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கேள்வி. ஒரு காலத்தில் இலவசமாக இருந்த கல்லூரி, நடுவில் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டால், மறுபடி இலவசமாகுமா? கறந்த பால் மடி ஏறாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கட்டணமும் அப்படித்தானா? சரித்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் நம் தமிழ்நாட்டுக் கதை. பச்சையப்பன் கல்லூரி சென்னையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதன் வேர் நம் காவிரிக் கரையில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பச்சையப்ப முதலியார் 1754-இல் பிறந்தவர். ஏழைத் தாயின் பிள்ளை. துபாஷி வேலை பார்த்துப் பெரும் பொருள் சேர்த்தவர். 1794 மார்ச் மாதம் கும்பகோணத்தில் உயில் எழுதினார். அதே மாதம் 31-ஆம் தேதி திருவையாற்றில் காலமானார். அப்போது வயது நாற்பதுதான்.

உயிலில் அவர் நினைத்தது பெரும்பாலும் கோயில் கைங்கரியமும் தான தருமமும். ஆனால் அவர் போன பிறகு சொத்து வழக்கில் மாட்டிக்கொண்டது. பல ஆண்டு இழுத்தது. கடைசியில் சென்னை சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, கோயில் தருமங்களுக்குப் போக மீந்த பணத்தைக் கல்விக்குச் செலவிட வழி செய்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் முக்கியப் பங்கு வகித்தார். அந்தப் பணத்தில் 1842 ஜனவரி 1-ஆம் தேதி பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. ஏழை இந்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், தமிழ், தெலுங்கு கற்றுத்தர வந்த பள்ளி அது. கட்டணம் கிடையாது. மிஷனரி பணமும் இல்லை, சர்க்கார் பணமும் இல்லை. ஒரு தமிழன் விட்டுப்போன பணம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்துக்களுக்கு மட்டும் என்ற விதி அங்கே 1947 வரை இருந்தது. கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் காரைக்காலில் வாழும் நமக்கு இது உறுத்தும். இலவசம் என்றால் யாருக்கு இலவசம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பிறகு பள்ளி வளர்ந்தது. உயர்நிலைப் பள்ளியானது, 1889-இல் கல்லூரி ஆனது. கட்டணமும் வந்தது. ஏன் வந்தது? அந்தக் காலத்துச் சர்க்காரின் எண்ணத்தைப் பார்க்க வேண்டும். 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைதான் இந்தியாவில் மானியம் கொடுத்துப் பள்ளி நடத்தும் முறைக்கு அடித்தளம். முழுக்க இலவசமாகக் கிடைக்கும் கல்விக்கு மதிப்பு இருக்காது, மானியம் பெறும் பள்ளி சிறு தொகையாவது கட்டணம் வாங்க வேண்டும் என்பது அந்த அறிக்கையின் கருத்து. 1882-இல் வந்த ஹண்டர் கமிஷன், உயர்கல்வியிலிருந்து சர்க்கார் மெல்ல விலகித் தனியாரிடம் விடலாம் என்ற பக்கம் சாய்ந்தது. இலவசம் என்றால் மரியாதை இல்லை என்ற பேச்சை இன்றும் டீக்கடையில் கேட்கிறோம். அது நம் ஊர்ப் பேச்சு இல்லை. வெள்ளைக்காரன் காகிதத்தில் எழுதி வைத்தது. நம் ஊர்ப் பேச்சு அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும். சாப்பாட்டுக்குக் காசு வாங்காத சத்திரத்தை யாரும் மதிக்காமல் போனதில்லை.

கட்டணம் வந்த பிறகு என்ன நடக்கும் என்பதற்கு நம் டெல்டா பிள்ளை ஒருவரே சாட்சி. கணித மேதை ராமானுஜன். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதில் கவனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை போயிற்று. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய். அப்பாவுக்குத் துணிக்கடைக் கணக்கர் வேலை, மாதம் சுமார் 20 ரூபாய் சம்பளம். ஒன்றரை மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்துக் கொடுக்க வேண்டும். 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய கணக்கு நோட்டுகளைப் பார்த்து வியந்து, அங்கே கட்டணத்தில் ஒரு பகுதிக்குச் சலுகை கொடுத்தார்கள்.

கவனியுங்கள். 1842-இல் ஏழைப் பிள்ளைக்கு இலவசம் என்று தொடங்கிய நிறுவனம். 64 ஆண்டு கழித்து உலகமே கொண்டாடப் போகும் ஓர் ஏழைப் பிள்ளை வந்து நிற்கிறார். அவருக்குக் கிடைத்தது பாதிச் சலுகை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. சலுகை கொடுத்தவர்கள் நல்லவர்கள். ஆனால் இலவசம் வேறு, சலுகை வேறு. இலவசம் என்றால் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். சலுகை என்றால் நோட்டைக் காட்ட வேண்டும், மார்க்கைக் காட்ட வேண்டும், வறுமையைக் காட்ட வேண்டும். ஒரு பரீட்சையில் சறுக்கினால் போச்சு. பிள்ளைகளோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு வருஷம் சறுக்காத பிள்ளை எங்கேயும் கிடையாது.

சரி, அந்தக் கல்லூரி மறுபடி இலவசமானதா? ஆனது. ஆனால் வேறு வாசல் வழியாக.

பெருந்தலைவர் காமராஜர் பள்ளிக் கல்வியை ஏழை வீட்டுக்குக் கொண்டுபோனார். மதிய உணவும் கொடுத்தார். பிறகு கலைஞர் ஆட்சியில் புகுமுக வகுப்பு வரை இலவசம் ஆயிற்று. 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் இளநிலைப் பட்டப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் ரத்து செய்யப்பட்டது. 2010-11-இல் முதுநிலைக்கும் ரத்து. பச்சையப்பன் கல்லூரி அரசு உதவி பெறும் கல்லூரி. ஆகவே மானியம் பெறும் பாடப்பிரிவுகளில் அங்கேயும் கல்விக் கட்டணம் நின்றது.

1842-இல் பச்சையப்பர் பணத்தில் வந்த இலவசம், 165 ஆண்டு கழித்து மக்கள் வரிப்பணத்தில் திரும்பி வந்தது. வள்ளல் ஒருவர் கொடுத்ததை அவருடைய அறக்கட்டளையால் தொடர முடியவில்லை. ஓட்டுப் போடும் ஜனங்கள் தொடர்ந்தார்கள். பேரறிஞர் அண்ணா அந்தக் கல்லூரியில் படித்தவர். அவர் பெயரில் நம் காரைக்காலிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. ஔவையார் பெயரில் பெண்கள் கல்லூரி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலம் போன பிறகு இந்தச் சிறிய ஊரில் வீட்டிலிருந்து போய் வந்து பட்டம் வாங்க முடிகிறதென்றால், அது அரசாங்கம் கல்லூரி வைத்ததால்தான்.

இப்போது வெளிநாட்டுக்குப் போவோம். இதே கேள்வியை வைத்து இன்றும் போராடிக்கொண்டிருக்கும் ஒரு கல்லூரி அமெரிக்காவில், நியூயார்க்கில் இருக்கிறது. பெயர் கூப்பர் யூனியன். பீட்டர் கூப்பர் என்ற தொழிலதிபர் 1859-இல் தொடங்கியது. பசை காய்ச்சி விற்றும் இரும்புத் தொழில் செய்தும் பணக்காரர் ஆனவர். பள்ளிக்கூடம் போனது ஓராண்டுக்கும் குறைவு. நம் பச்சையப்பரைப் போலவே கீழிருந்து வந்தவர். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் இரவிலே வந்து காசில்லாமல் படிக்கட்டும் என்று நினைத்தார். 1902-இல் கார்னகி முதலானோர் நன்கொடை கொடுக்க, சேரும் எல்லா மாணவருக்கும் முழு இலவசம் ஆனது. கட்டடக் கலை, ஓவியம், பொறியியல். நூறு ஆண்டுக்கு மேல் இப்படியே நடந்தது.

எப்படி நடத்தினார்கள்? நிலம். நியூயார்க்கின் புகழ்பெற்ற கிரைஸ்லர் கட்டடம் நிற்கும் மனை அந்தக் கல்லூரிக்குச் சொந்தம். குத்தகைப் பணம் வரும். நம் ஊர்க் கோயிலுக்கும் மடத்துக்கும் நஞ்சை இருப்பது மாதிரி.

எங்கே சறுக்கியது? செலவு வரவை மிஞ்சிக்கொண்டே போனது. 2006-இல் அந்த மனையை ஈடு வைத்து 17 கோடியே 50 லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். 2009-இல் பளபளவென்று புதுக் கட்டடம் திறந்தார்கள். கடனும் வட்டியும் கழுத்தைப் பிடித்தன. 2014-இல் சேர்ந்த மாணவர்களிடமிருந்து பாதிக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். ஆண்டுக்குச் சுமார் 20,000 டாலர்.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. அறிவிப்பு வந்த 2013-இலேயே கல்லூரித் தலைவரின் அலுவலகத்தில் புகுந்து இரண்டு மாதத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பழைய மாணவர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் முன்னிலையில் 2015-இல் சமரசம் ஏற்பட்டது. இலவசத்துக்குத் திரும்ப வழி தேடியே ஆக வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. 2018-இல் நிர்வாகம் பத்தாண்டுத் திட்டம் போட்டது. அதே ஆண்டு கிரைஸ்லர் மனைக் குத்தகை 77.5 லட்சம் டாலரிலிருந்து 3 கோடியே 25 லட்சம் டாலராக உயர்ந்தது. 2024-இல் பழைய மாணவர்கள் சிலர் கொடுத்த நன்கொடையால், நான்கு ஆண்டுகளுக்கு இறுதியாண்டு மாணவர்கள் கட்டணம் கட்ட வேண்டாம் என்று அறிவித்தார்கள். முழு இலவசம் இன்னும் வரவில்லை. வழியில் இருக்கிறார்கள்.

கட்டணம் வைக்க ஒரு கூட்டம் போதும். அதை எடுக்கப் பத்து ஆண்டும் போதவில்லை.

ஜெர்மனிக் கதை வேறு மாதிரி. அங்கே 1970-களிலிருந்து பல்கலைக்கழகக் கட்டணம் இல்லை. 2005-இல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று மாநிலங்களுக்குக் கட்டணம் வாங்க வழி திறந்துவிட்டது. பல மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ வைத்தன. ஜனங்கள் எதிர்த்தார்கள். தேர்தலில் இது பேச்சானது. பவேரியா மாநிலத்தில் 2013-இல் வாக்காளர்கள் பத்து சதவீதத்துக்கு மேல் வந்து கையெழுத்துப் போட்டார்கள். சட்டமன்றமே கட்டணத்தை நீக்கியது. 2014-இல் கடைசி மாநிலமும் எடுத்துவிட்டது. பத்து ஆண்டுக்குள் கட்டணம் வந்தது, போயும் விட்டது. ஆக, கறந்த பால் மடி ஏறாது என்பது எல்லா இடத்திலும் உண்மை இல்லை.

நம் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. கல்வி அமைச்சர் கன்னங்கரா முயற்சியால் 1945 அக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி. சுதந்திரம் வாங்குவதற்கு முன்பே! நீண்ட உள்நாட்டுப் போர் வந்தது, பொருளாதாரம் விழுந்தது. ஆனாலும் அரசுப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் வைக்க எந்த அரசுக்கும் துணிவு வரவில்லை. மாலபேயில் வந்த தனியார் மருத்துவக் கல்லூரியை எதிர்த்து மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட, 2017-இல் அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. ஒரு தலைமுறைக்கு மேல் பழகிவிட்ட உரிமையை எடுப்பது அவ்வளவு கடினம்.

இந்த நான்கு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு மூன்று விஷயம் தெரிகிறது.

ஒன்று. வள்ளல் பணத்தில் வரும் இலவசம் அந்தப் பணம் உள்ளவரைதான். மூலதனம் அப்படியே நிற்கும். ஆசிரியர் சம்பளம், ஆய்வகம், கட்டடம் எல்லாம் ஏறிக்கொண்டே போகும். பச்சையப்பரும் கூப்பரும் எவ்வளவு பெரிய மனசோடு கொடுத்தாலும் இந்தக் கணக்கை வெல்ல முடியவில்லை. மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தலில் 1955-இல் வந்த ஏ.வி.சி. கல்லூரியும் அன்பநாதபுரம் வகையறா அறத்துறை என்ற தருமத்திலிருந்து பிறந்ததுதான். தருமம் கல்லூரியைப் பிறக்க வைக்கும். வருஷா வருஷம் சம்பளம் போட அரசு மானியம் வேண்டும்.

இரண்டு. அரசாணையால் வரும் இலவசத்தில் ஓட்டை இருக்கும். தமிழ்நாட்டில் ரத்தானது கல்விக் கட்டணம். தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம், விடுதி, பேருந்து எல்லாம் தனி. இதைவிடப் பெரிய ஓட்டை சுயநிதிப் பிரிவு. 1984 வாக்கில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. அந்தக் காற்று கலைக் கல்லூரிக்கும் வந்தது. அரசு உதவி பெறும் கல்லூரிகளிலேயே பல புதிய பாடப்பிரிவுகள் மானியம் இல்லாமல், மாணவர் கட்டணத்தில் நடக்கின்றன. ஒரே வாசல், ஒரே மணி. காலையில் வரும் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, மதியம் வரும் பிள்ளைக்குப் பல ஆயிரம். பெயர்ப் பலகையைப் பார்த்து இலவசம் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

மூன்று. மக்கள் தங்கள் உரிமை என்று நினைத்த இலவசம்தான் நிலைக்கிறது, போனாலும் திரும்பி வருகிறது. ஜெர்மனியில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கையில் தெருவில் இறங்கினார்கள். நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். நம் நாட்டில் ஓட்டுப் போட்டார்கள். தானாகத் திரும்பி வந்த இடம் ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை.

இதற்கு எதிர்ப் பேச்சும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். "எல்லோருக்கும் இலவசம் எதற்கு? வசதி உள்ளவன் கட்டட்டும், ஏழைக்கு உதவித்தொகை கொடுங்கள்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம் புதுச்சேரி மாநிலத்தில் சென்டாக் வழியாகத் தொழிற்கல்வி சேரும் பிள்ளைகளுக்குக் காமராஜர் பெயரில் நிதியுதவி இருக்கிறது. தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவை எல்லாம் நல்லவை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் உதவித்தொகைக்குச் சான்றிதழ் வேண்டும், விண்ணப்பம் வேண்டும், கடைசித் தேதி உண்டு. இதெல்லாம் தெரிந்த வீட்டுக்குத்தான் முதலில் போய்ச் சேரும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, கடலுக்குப் போயிருக்கும் அப்பா, இந்த வீட்டுக்குக் கடைசியில்தான் வரும். கல்லூரி வாசலில் கட்டணமே இல்லை என்றால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சம். பணக்காரனிடம் வாங்க வேண்டியதை வரியாக வாங்கிக்கொள்ளலாம். அவன் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் கல்லூரியின் தரம் பற்றிக் கேட்க அவனும் வருவான்.

தரம் என்றதும் இன்னொன்று. கட்டணத்தை எடுத்துவிட்டு ஆசிரியரை நியமிக்காமல் விட்டால் அது அரை இலவசம். அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் நிரம்பாமல், கௌரவ விரிவுரையாளர்களைக் குறைந்த ஊதியத்தில் வைத்து வகுப்பு நடப்பதைப் பார்க்கிறோம். அவர்களும் படித்துப் பட்டம் வாங்கிய நம் பிள்ளைகள்தான். அவர்கள் வயிற்றைக் கட்டி நமக்கு இலவசம் வேண்டாம். முழுக் கல்லூரியையும் அரசு தாங்க வேண்டும்.

ஆக, கேள்விக்கு என் பதில்: ஆகும். கட்டணம் வைத்த கல்லூரி மறுபடி இலவசமாகும். ஆகியிருக்கிறது. ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே கேட்டு, பதில் வாங்கி, விடாமல் காவல் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு மூன்றே வேண்டுகோள்.

1. சேர்க்கைக்குப் போகும்போது "இது அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

2. எந்தத் தொகை கட்டினாலும் ரசீது வாங்குங்கள். அதில் கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் எது எவ்வளவு என்று பாருங்கள்.

3. தடைக்கால நிவாரணம் எப்போது வரும் என்று பஞ்சாயத்தில் கேட்கிறோம் அல்லவா? அதே குரலில், தடைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை பீஸ் கட்ட அவகாசம் கொடுங்கள் என்றும் கேளுங்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

பழைய மாணவர்களே, உங்களில் பலர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் இருக்கிறீர்கள். ஊரில் ஒரு பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணம் கட்டினாலும் புண்ணியம்தான். அதோடு நிற்காமல், ஊருக்கு வந்து ஓட்டுக் கேட்பவர்களிடம் கல்லூரியில் எத்தனை ஆசிரியர் இடம் காலி என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிழை இருந்தால் திருத்துங்கள், சேர்க்க வேண்டியது இருந்தால் சொல்லுங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள வீட்டுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

வாழ்க வளமுடன்.